விசிறியால் இரண்டு தட்டு

பலேர்மோவில் பலூன் வாங்குவது எளிது. அதை உடைக்க அனுமதி வாங்குவதுதான் கடினம்.

திங்கட்கிழமை காலையில் என் பையில் இருந்தவை: நான்கு ஒலிவாங்கிகள், ஒரு மடிக்கணினி, ஒலிப்பதிவுக் கருவி, அளவு நாடா, ஐம்பது சிவப்புப் பலூன்கள். கோயம்புத்தூரில் எங்கள் நிறுவனம் ஓர் இசையரங்கம் கட்டப்போகிறது. அதற்கு முன்மாதிரியாக இங்கே ஒரு சிறிய, பழைய ஓப்பரா அரங்கைத் தேர்ந்திருந்தார்கள். மேடையில் நின்று பலூனை உடைத்தால் அந்தச் சத்தம் சுவர்களில் மோதித் தேய்ந்து அடங்கும். எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று அளந்துகொண்டு ஊர் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

அரங்கின் காவலர் பலூன்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஐந்து விரல்களையும் குவித்து மேலும் கீழும் ஆட்டினார். "நாளைக்கு" என்றார். செவ்வாய்க்கிழமையும் "நாளைக்கு" என்றார். எனக்குக் காத்திருக்கத் தெரியும் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

தங்கியது நகர மையத்துக்குத் தெற்கே, ஒரேத்தோவில், மனோ அக்காவின் வீட்டில். என் அலுவலகத் தோழி ஜனனிக்கு அவர் பெரியம்மா மகள். யாழ்ப்பாணத்துக்காரர். கணவர் தேவண்ணைக்கு ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை. வீட்டுச் சாமி அலமாரியில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் இந்த ஊரைக் காக்கும் புனிதை ரோஜாக் கிரீடத்துடன் நிற்கிறார். இருவருக்கும் ஒரே ஊதுபத்தி.

நான் அங்கே இருந்த வாரம் முழுவதும் சிரோக்கோ வீசியது. ஆப்பிரிக்காவின் மணலைச் சுமந்துகொண்டு கடல் தாண்டி வரும் சூடான காற்று. துவைத்துக் காயப்போட்ட சட்டையை எடுத்தால் மஞ்சள் தூசி. பல்லிடுக்கில் தூசி. ஒலிவாங்கியின் வலைமூடியில் தூசி. படிக்க உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது.

"உந்தக் காத்து வீசினா இஞ்சை ஒருத்தருக்கும் இருப்புக் கொள்ளாது, பிள்ளை" என்றார் அக்கா. "புருசன் பெண்சாதி சண்டைக்கெல்லாம் அதைத்தான் சாட்டுச் சொல்லுவினம்."

செவ்வாய்க்கிழமை தவறான பேருந்தில் ஏறிப் பிரான்காச்சோவில் இறங்கினேன். அடுக்குக் குடியிருப்புகள், கீழே வெல்டிங் பட்டறைகள், யாரும் இல்லாத ஒரு நிறுத்தம். ஐம்பது நிமிடம் நின்றேன். கூடவே நின்ற ஒரு மூதாட்டி வானத்தைக் காட்டி நீளமாகத் திட்டினார். சென்னையில் பேருந்து வராவிட்டால் அரசாங்கத்தைத் திட்டுவோம். இங்கே காற்றைத் திட்டுகிறார்கள். பேருந்து இரண்டு ஊரிலும் ஒரே நேரத்துக்குத்தான் வருகிறது.

மனோ அக்காவின் வேலைகள்: சின்யோரா அசுந்தா என்ற மூதாட்டிக்குச் சமைப்பது, குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது, ஓப்பராவுக்குப் போவது. கடைசி வேலையை அவர் சொன்னபோது நான் இரண்டாம் முறை கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

சின்யோரா எண்பதைத் தாண்டியவர். வீட்டிலேயே பாட்டுச் சொல்லிக்கொடுத்து வாழ்ந்தவர். அரங்கின் மேல்மாடத்தில் முன்வரிசையில் இரண்டு இருக்கைகள், ஒன்று அவருக்கு, மற்றது இறந்துபோன கணவருக்கு. ஒவ்வொரு பருவத்துக்கும் இரண்டையும் விடாமல் புதுப்பித்து வந்திருக்கிறார். முதல் ஒன்பது வருடங்கள் அக்கா அந்த இரண்டாவது இருக்கையில் துணைக்கு உட்கார்ந்திருந்தார். பிறகு சின்யோராவின் முழங்கால்கள் போயின. வீடு மூன்றாம் மாடி, மின்தூக்கி இல்லை. இரண்டு வருடங்களாக அவர் தெருவுக்கே இறங்கவில்லை. இப்போது அவருடைய இடத்தில் அக்காவும், கணவரின் இடத்தில் தேவண்ணையும் போய் உட்காருகிறார்கள். மறுநாள் காலை அக்கா காப்பியுடன் முழு அறிக்கையும் கொடுக்க வேண்டும்.

"முதல் வருசம் நித்திரைதான் கொண்டனான்" என்றார் அக்கா. "ரெண்டாம் வருசம் அழுதனான். மூண்டாம் வருசத்திலையிருந்து சண்டை பிடிக்கிறன்."

புதன்கிழமை ஐந்தரை மணிக் காட்சிக்கு என்னை உள்ளே விட்டார்கள். ஆட்கள் நிறைந்த அரங்கின் ஒலியையும் அளக்க வேண்டும். பதிவை வெளியே யாருக்கும் போட்டுக் காட்டமாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். நான் மேல்மாடத்தின் கடைசி வரிசையில் கருவிகளுடன் ஒடுங்கினேன். முன்வரிசையில் அக்காவின் கொண்டையும் தேவண்ணையின் வழுக்கையும் தெரிந்தன.

எந்த ஓப்பரா என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் இதைப் படிக்கிற யாராவது ஒருவர் சண்டைக்கு வருவார் என்பது அந்த ஒரே வாரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. மூன்றாம் அங்கத்தில் இரண்டு நண்பர்கள் பிரிகிறார்கள். ஒருவர் டெனர், ஆண்குரலில் மேலே நிற்பது. மற்றவர் பாரிடோன், அதற்கு ஒரு படி கீழே, கனத்த குரல். இருவரும் சேர்ந்து பாடுகிற பாட்டின் கடைசிச் சுரத்தை, ஒருவர் மேலே ஒருவர் கீழே, இருவரும் ஒன்றாகப் பிடித்து, ஒன்றாக விட வேண்டும்.

அந்த நேரத்தில் என் கண் நான்காவது ஒலிவாங்கியின் மின்கல அளவில் இருந்தது. பாட்டு முடிந்ததும் கைதட்டல் ஒரு கணம் தயங்கி, பிறகு வந்தது. மேல்மாடம் முழுவதும் முணுமுணுப்பு. அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

வியாழக்கிழமை எல்லாம் ஒரே நாளில் நடந்தது. காவலர் காலையில் கதவைத் திறந்துவிட்டார். நாற்பத்தொன்பது பலூன்களை நான் உடைத்தேன், ஐம்பதாவதைக் கேட்டு வாங்கி அவர் உடைத்தார். மதியம் வீட்டுக்கு வந்தால், சூரை மீன் குழம்புக்கு நடுவே சண்டை.

"அவன் மற்றவனை அப்பிடியே விழுங்கிப்போட்டான்!" அக்கா அகப்பையை ஆட்டினார். "ரெண்டு பேரும் சேர்ந்து விடவேண்டிய சுரம். தனக்குக் கைதட்டு வேணுமெண்டு டெனர் இழுத்துக்கொண்டு நிண்டவன்."

"உமக்குக் காது தோடு போட மட்டும்தானோ?" தேவண்ணை சோற்றைப் பிசைந்தபடி கேட்டார். "மற்றவன்ரை குரல் நிண்டுபோச்சு. டெனர் பொடியன் பிடிச்சிருக்காட்டி அந்த இடத்திலை கிடங்கு விழுந்திருக்கும்."

"நிக்கேல்லை. அவன் விடேல்லை."

"நான் பக்கத்திலை இருந்தனான் மனோ. நீரும் கேட்டனீர்."

"குழம்பு விடட்டே?" என்றார் அக்கா.

அவர்களுடைய மகள் ஷாமினி புத்தகத்தால் காதை மூடிக்கொண்டாள். "ஊஃபா, மம்மா! எனக்கு நாளைக்கு வகுப்பிலை கேள்வி கேப்பினம். உங்கடை டெனரைப் பற்றியில்லை!"

எனக்குச் சென்னை ஞாபகம் வந்தது. டிசம்பரில் சபா கேண்டீனில், ஒரு ஸ்வரத்தைப் பிடித்ததா விட்டதா என்று காப்பி ஆறும்வரை வாதிடுவார்கள். வித்தியாசம், அங்கே பாடகரை அடுத்த வருடமும் கூப்பிடுவார்கள். இங்கே என்ன செய்வார்கள் என்பது வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது.

மதியத்துக்குப் பிறகு என் அறையில் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு அந்த இடத்தைத் தேடிப் பார்த்தேன். இருவரும் வேறு வேறு சுரத்தில் நின்றதால் வரைபடத்தில் இரண்டு கோடுகளும் தனித்தனியாகத் தெரிந்தன. கீழ்க்கோடு நடுங்கியது, மெலிந்தது, நின்றது. அது நின்ற இடத்தில்தான் மேல்கோடு தடித்தது. அதுவரை டெனர் தன் குரலை அடக்கியே வைத்திருக்கிறார். விழுங்கவில்லை, தாங்கியிருக்கிறார். வரிசை தெளிவு. எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு சண்டையாவது தீர்ந்தது என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை தேவண்ணைக்கு விடுமுறை. "வாரும் தங்கச்சி, உம்மடை படத்தை அவையளுக்குக் காட்டுவம்" என்று அரங்குக்கு எதிரே இருக்கும் காப்பிக் கடைக்கு அழைத்துப்போனார். அன்று பேருந்து வேலைநிறுத்தம். நடந்தே போனோம். வழியில் பனெல்லே வாங்கித் தந்தார். கடலை மாவைக் காய்ச்சி, ஆறவைத்து, சதுரமாக வெட்டிப் பொரித்து, எள் தூவிய பன்னுக்குள் வைத்துத் தருகிறார்கள். வாழைக்காய் வைக்க மறந்த பஜ்ஜி என்று முதலில் தோன்றியது. மூன்றாவது கடியில் வாழைக்காய் தேவையில்லை என்று தோன்றியது.

கடையில் மேல்மாடத்து ரசிகர்கள் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டே காப்பி குடித்தார்கள். இந்த ஊரில் காப்பிக்கு உட்காருவதில்லை, வாதத்துக்கும் உட்காருவதில்லை. அவர்களுக்குத் தலைவர் போல சின்யோர் நினோ, ஓய்வுபெற்ற தபால்காரர். சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய இரும்புச் சாவியை எடுத்துக் காட்டினார். அதன் தண்டு உள்ளே குழல். உதட்டில் வைத்து மெதுவாக ஊதினார். தெருவில் ஒரு நாய் எழுந்து நின்றது.

"ஞாயிற்றுக்கிழமை கடைசிக் காட்சி" என்று தேவண்ணை மொழிபெயர்த்தார். "டெனர் திரும்பவும் அப்பிடி இழுத்தால் எல்லாரும் விசில் அடிப்பினமாம்."

எங்கள் ஊரில் திரையரங்கில் விசில் அடித்தால் கொண்டாட்டம். இங்கே அது செருப்பெறிவதற்குச் சமம். அந்த டெனருக்கு இருபத்தாறு வயது, பெரிய பாத்திரம் இதுதான் முதல். கடைசிக் காட்சியில் மேல்மாடம் விசிலடித்தால் தீவு முழுவதும் அந்தச் செய்தி அவருக்கு முன்னால் போய்ச் சேரும் என்றார் தேவண்ணை.

மடிக்கணினியைத் திறந்தேன். ஒலியை விடமாட்டேன் என்றுதான் கையெழுத்துப் போட்டிருந்தேன். வரைபடத்தைப் பற்றி அந்தத் தாளில் எதுவும் இல்லை. நான் மூன்று வாக்கியம் சொன்னேன். தேவண்ணை அதை ஒன்பதாக்கிச் சொன்னார். கைகளும் அவற்றில் அடக்கம்.

சின்யோர் நினோ கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். "பாருங்கள்! டெனருடைய கோடு எவ்வளவு தடி! இதைவிட என்ன சாட்சி வேண்டும்?"

"கீழே உள்ளது முதலில் முடிகிறதே" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"விழுங்கினால் முடியாமல் என்ன செய்யும்?"

இப்போது ஏழு பேரும் என் வரைபடத்தைக் காட்டியே இரண்டு கட்சிக்கும் வாதிட்டார்கள். நான் முதலில் எது, பிறகு எது என்று விரலால் காட்டிக்கொண்டே இருந்தேன். சின்யோர் நினோ என் விரலை மரியாதையாக நகர்த்தினார்.

"சின்யோரினா, உங்கள் இயந்திரம் நல்ல இயந்திரம். ஆனால் சின்யோரா அசுந்தா சொல்லிவிட்டார். வியாழன் காலையிலேயே எனக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். முடிந்தது."

"அவங்க அங்க வரவே இல்லையே?" என்று நான் தேவண்ணையிடம் கேட்டேன்.

அவர் அதை மொழிபெயர்த்தார். "அவருடைய காதுகள் வந்திருந்தனவே" என்றார் சின்யோர் நினோ.

தேவண்ணை காப்பிக் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தார். திரும்பி நடக்கும்போது சின்யோராவின் விசிறியைப் பற்றிச் சொன்னார். முன்வரிசையில் அவர் உட்கார்ந்திருந்த காலத்தில், பாட்டு முடிந்ததும் மூடிய விசிறியால் மரக் கைப்பிடியில் தட்டுவாராம். இரண்டு தட்டு என்றால் நன்று. ஒன்று என்றால் போகட்டும். தட்டாவிட்டால் மேல்மாடம் தன் விருப்பப்படி செய்யலாம். நாற்பது வருடமாக அதுதான் வழக்கம். அவர் வராத இந்த இரண்டு வருடங்களில் ரசிகர்கள் தொலைபேசிக்காகக் காத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தேவண்ணை அக்காவிடம் இதைக் கேட்காமல் தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்தார்.

சனிக்கிழமை நான் அக்காவுடன் சின்யோரா வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்க்க வேண்டும் என்று அவரே சொல்லியனுப்பியிருந்தார். பேருந்தில் அக்கா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அதில் ஜிப் வைத்த உள்ளறை ஒன்று, அதில் அவருடைய பெர்மெஸ்ஸோ மட்டும், இந்த நாட்டில் இருப்பதற்கான அட்டை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்த ஜிப்பைத் தொட்டுப் பார்த்தார்.

வீட்டு வாசலில் மேலேயிருந்து கயிற்றில் ஒரு கூடை இறங்கியிருந்தது. ரொட்டிக்காரர் அதில் ரொட்டியைப் போட்டுவிட்டுப் போனார், கூடை ஆடிக்கொண்டே மேலேறியது. நாங்கள் படியேறினோம். நான் எண்ணினேன். நாற்பத்திரண்டாவது படியில், இரண்டாம் மாடித் திருப்பத்தில், அக்கா நின்றுவிட்டார்.

"பிள்ளை, உம்மடை படத்திலை என்ன இருக்கு?"

சொன்னேன்.

"எனக்குத் தெரியும்" என்றார். "அவன் தாங்கினவன். எனக்கு அங்கையே கேட்டது."

"அப்ப ஏன் அக்கா...?"

"பாரிடோன் ஆர் எண்டு தெரியுமே? சின்யோராவின்ரை கடைசி மாணவன். நான் வேலைக்கு வந்த புதிசிலை இந்தப் படியாலைதான் ஓடி வருவான். இஞ்சித் தேத்தண்ணி போட்டுக் குடுப்பன். வியாழக்கிழமை காலமை அவ கேட்டவ, கடைசிச் சுரம் எப்பிடி எண்டு. அவன்ரை குரல் நிண்டதெண்டு எந்த வாயாலை சொல்ல? டெனர் மூடிப்போட்டான் எண்டிட்டன். சின்னப் பொய். அவ உடனை ரெலிபோனை எடுப்பா எண்டு நான் கண்டனானே?"

"இப்ப சொல்லிடலாமே."

"பதினொரு வருசம் என்ரை காதை நம்பினவ. இனி மாத்திரை குடுத்தாலும் சரியான மாத்திரையோ எண்டு திருப்பிப் பாப்பா." கைப்பிடிச் சுவரில் இருந்த தூசியைச் சேலைத் தலைப்பு இருக்கும் நினைப்பில் மேற்சட்டை நுனியால் துடைத்தார். "சொல்லாட்டி நாளைக்கு அந்தப் பொடியன் விசில் வாங்குவான். ரெண்டு இரவாய் நித்திரையில்லை."

மீதிப் படிகளை ஏறினோம். மொத்தம் அறுபத்தெட்டு.

சின்யோரா சிறிய உருவம், நகங்களில் சிவப்புச் சாயம். பியானோவின் மேல் மருந்துப் பெட்டிகள். என்னைப் பார்த்ததும் கேட்டார்: "பலூன் உடைத்தவள் நீதானே? எங்கள் அரங்கம் எத்தனை நொடி பிடிக்கிறது?" அக்கா சமையலறையிலிருந்து மொழிபெயர்த்தார்.

"ஒன்று புள்ளி மூன்று" என்றேன்.

"ஆட்களோடா, வெறுமையாகவா?"

வாழ்க்கையில் என்னிடம் அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்ட மூன்றாவது ஆள் அவர். மற்ற இருவரும் என் பேராசிரியர்கள். "ஆட்களோடு" என்றேன்.

பதிவைப் போட்டுக் காட்ட முடியாது என்று நான் தயங்கிச் சொன்னேன். அவர் கையை வீசினார். "யாருக்கு வேண்டும்? மனோ எல்லாம் சொல்லிவிட்டாள்."

அக்கா காப்பித் தட்டுடன் வாசற்படியில் நின்றார். தட்டைக் கீழே வைக்காமலே பேசினார். எனக்கு இத்தாலியம் தெரியாது. ஆனால் டெனர், பாரிடோன் என்ற சொற்கள் கேட்டன, அக்காவின் ஒரு கை தொண்டைக்குப் போனது, கோப்பைகள் கிலுகிலுத்தன. அவர் சொன்னதையும் அதற்குப் பிறகு நடந்ததையும் பேருந்தில் வரி வரியாக எனக்குச் சொன்னார்.

"சின்யோரா, நான் சொன்னது உண்மையில்லை. நின்றது உங்கள் மாணவரின் குரல். மற்றவர் அவருக்காகப் பிடித்தார்."

வெளியே காற்று சன்னல் பலகையை அடித்தது. சின்யோரா கேட்ட முதல் கேள்வி: "குரல் எந்த எழுத்தில் நின்றது?"

"'ஆ'வில்."

"அந்த 'ஆ'வுக்கு முன்பே மூச்சைச் செலவழித்துவிடுவான். பதினேழு வயதிலேயே சொன்னேன்." கோப்பையை எடுத்தார். குடிக்காமல் வைத்தார். "என்னிடம் ஏன் மறைத்தாய்?"

"உங்கள் மனம் நோகும் என்று."

"போனது என் முழங்கால் மனோ. காது இல்லை. மனமும் இல்லை."

தொலைபேசியை எடுத்தார். சின்யோர் நினோவுடன் இருபது நிமிடம், பெரும்பாலும் கத்தல். வைத்துவிட்டு, நினோ சாவியைப் பையிலேயே வைத்திருப்பான், மற்றவர்களுக்கு அவன் பொறுப்பில்லை என்றார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு கறுப்பு விசிறியை எடுத்து நீட்டினார்.

"இதுவரை என் இடத்தில் உட்கார்ந்தாய். நாளைக்கு என் வேலையையும் செய்."

அக்கா பின்வாங்கினார். "நான் தட்டினால் யார் கேட்பார்கள்?"

"உன்னை ஏன் கேட்கிறார்கள்? விசிறியைக் கேட்பார்கள்."

ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக் காட்சி. என் வேலை முடிந்திருந்தது. கருவிகள் பெட்டிக்குள். வெறும் காதோடு உட்கார்ந்திருப்பது எனக்குப் பழக்கமில்லை, கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முன்வரிசையில் தேவண்ணை தன் இருக்கையை எனக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் நின்றார். அக்கா விசிறியை மடியில் வைத்திருந்தார். முதல் இரண்டு அங்கங்களில் ஒருமுறைகூட அதைத் தொடவில்லை. எங்களுக்கு இடப்பக்கம் சின்யோர் நினோ. கை சட்டைப் பையின் மேல்.

"டெனருக்கு எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கு" என்று தேவண்ணை என் காதில் சொன்னார். "ஒப்பனைக்காரி காப்பிக் கடைக்கு வாறவள். விசில் அடிக்கப்போகினம் எண்டு வெள்ளியே அவனுக்குத் தெரியும். இனி அடிக்கமாட்டினம் எண்டது தெரியுமோ தெரியாது."

மூன்றாம் அங்கம். இரு நண்பர்களும் முன்னால் வந்தார்கள். பாட்டைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. இரண்டு குரலும் சேர்ந்தபோது மரக் கைப்பிடி என் உள்ளங்கைக்கு அடியில் அதிர்ந்தது, அதை மட்டும் சொல்ல முடியும். கடைசிச் சுரத்துக்கு முன் டெனர் ஒருமுறை மேல்மாடத்தை நிமிர்ந்து பார்த்தார். பிடித்தார்கள்.

டெனர் விட்டுவிட்டார். சீக்கிரமாக, பணிவாக, தலையைக்கூடச் சிறிது குனிந்து. யாரும் தன்னைத் திருடன் என்று சொல்லக் கூடாது என்பதுபோல.

பாரிடோன் தனியாக நின்றார். புதன்கிழமை என் திரையில் பார்த்த கீழ்க்கோடு இப்போது எல்லாருக்கும் கேட்டது. நடுங்கியது. மெலிந்தது. நின்றது. வாத்தியங்கள் மட்டும் வெறுமையான இடத்தைக் கடந்து போயின.

எந்த மனிதரைக் காப்பாற்ற அந்தப் பொய் சொல்லப்பட்டதோ, அவரையே அது மேடை நடுவில் தனியாக விட்டுவிட்டது. அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

ஒன்று புள்ளி மூன்று நொடியில் அரங்கம் அடங்கியது. வலக்கோடியில் யாரோ பல்லிடுக்கில் காற்றை இழுத்தார். விசில் தொடங்கும் முன் வரும் சத்தம் அது.

தட்.

என் பக்கத்திலிருந்து. அக்கா எழுந்து நின்றிருந்தார்.

தட்.

சின்யோர் நினோ திரும்பினார். அக்காவை அல்ல, விசிறியைத்தான் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து கையை எடுத்துத் தட்டத் தொடங்கினார். மேல்மாடம் சேர்ந்துகொண்டது. பெரிய கைதட்டல் ஒன்றுமில்லை. தகரக் கூரையில் தூறல் விழும் அளவுதான். ஆனால் விசில் வரவில்லை.

பாரிடோன் நிமிர்ந்து அந்த இருக்கையைப் பார்த்தார். இரண்டு வருடமாகக் கேட்காத தட்டு அது. அங்கே தனக்குத் தேநீர் போட்டுத் தந்த பெண் நிற்பதைக் கண்டார். பிறகு டெனரின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளி, தான் ஓரடி பின்னால் போய், அவருக்குக் கைதட்டினார்.

அக்கா உட்கார்ந்துவிட்டார். விசிறியை மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை மதியம் எனக்கு விமானம். காலையில் அக்காவுடன் மறுபடியும் அறுபத்தெட்டுப் படிகள். காற்று இன்னும் விடவில்லை. இந்த முறை அக்கா எங்கும் நிற்கவில்லை.

சின்யோரா காப்பிக்கு முன்பே கேட்டார். அக்கா நின்றபடியே முழுவதையும் சொன்னார்: டெனர் மேலே பார்த்தது, முன்னமே விட்டது, குரல் நின்றது, எந்த எழுத்தில் நின்றது. எதையும் மென்மையாக்கவில்லை. சின்யோரா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாரிடோனின் குரல் நின்ற இடத்தில் அவருடைய வாய் தானாகத் திறந்து மூடியது.

"எத்தனை தட்டினாய்?"

"இரண்டு."

"அந்தச் சுரத்துக்கு ஒன்றே அதிகம்."

"உங்கள் மாணவருக்கு ஒன்றுதான் தட்டினேன்" என்றார் அக்கா. "மற்றது டெனருக்கு. புதன்கிழமைக்கு."

சின்யோரா கண்ணைத் திறந்தார். அக்கா விசிறியை இரண்டு கையாலும் நீட்டினார். அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. காப்பியில் சர்க்கரை போட்டு, ரொம்ப நேரம் கலக்கினார்.

"புதன்கிழமைக்குப் புதன்கிழமையே தட்ட வேண்டும்" என்றார். "அடுத்த முறை தாமதிக்காதே."

கீழே பேருந்து நிறுத்தத்தில் அக்கா கைப்பையைத் திறந்தார். உள்ளறையின் ஜிப்பை இழுத்து, பெர்மெஸ்ஸோ அட்டைக்குப் பக்கத்தில் விசிறியை வைத்துப் பார்த்தார். நீளம் கொள்ளவில்லை, முனை வெளியே நின்றது. ஜிப்பை அது வரும் வரைக்கும் மூடி, பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.